அத்தான் கரண்ட் மத்து வாங்கிய விதம்

எங்கள் அத்தான் குற்றாலலிங்கத்தைப் பற்றிப் பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். வெற்றிலைகூடப் போட மாட்டார். பெண்டாட்டியை அதட்டிப் பேச மாட்டார். எதையும் விசாரிக்காமல் செய்ய மாட்டார். முதல் இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை நல்ல குணம் என்று சொல்கிறவர்கள் அவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்கள் இல்லை. நடத்தியவள் என் அக்கா ஞானம்பாள்.

நான் அவளுக்கு நேர் இளையவள், பிருந்தா. திருநெல்வேலி டவுனில் இருக்கிறேன். மைத்துனிக்கு அத்தானைக் கேலி செய்ய ஊரே உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைத்தான் இங்கே பயன்படுத்திக்கொள்கிறேன். நடுவில் சில இடங்களில் இது கேலியே இல்லையே என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் நினைப்பது சரிதான்.

கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போய்த் தணிக்கை செய்வது அத்தானின் உத்தியோகம். இன்றைக்கு வள்ளியூர், நாளைக்கு அம்பாசமுத்திரம், அடுத்த வாரம் மணிமுத்தாறு என்று போவார். போன இடத்தில் குறை கண்டுபிடித்து எழுதிவிட்டு வருவதற்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது. குறையே இல்லாத சங்கம் ஒன்று அகப்பட்டுவிட்டால், ஏன் குறை இல்லை என்று விளக்கம் கேட்டு எழுதுவார். ஆபீஸ் பையை மட்டும் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு, இந்தப் பழக்கத்தை அடுக்களை வரைக்கும் கொண்டுவந்துவிடுவார். அவர்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தபோது, அது வரப்போகிறது என்று கேட்டுக்கொண்டே வளர்ந்த பெண் கல்யாணமாகிப் போயிருந்தாள்.

அத்தானின் உயிர் கடைந்த கீரையில் இருந்தது. சிறுகீரையோ அரைக்கீரையோ தண்டங்கீரையோ, தினம் ஒரு கீரை, மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தது, தட்டில் விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் மறுநாள் காலையில் வயிறு ஒத்துழைக்காது என்பது அவர் கட்சி. வீட்டில் மிக்ஸி இருந்தது. அதில் அடித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். "மிக்ஸில போட்டா அது கீரை இல்ல, பச்சைப் பெயிண்டு," என்பார். நாக்கில் நார் தட்டக்கூடாது, கூழாகவும் போய்விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு பக்குவம் இருக்கிறதாம். அந்தப் பக்குவத்தைப் பிடிக்க அக்கா தினமும் சட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்து கடைந்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு அக்காவின் வலது கைப் பெருவிரலுக்குக் கீழே வீங்க ஆரம்பித்தது. செம்பைத் தூக்க முடியவில்லை. கதவுத் தாழ்ப்பாளை இழுத்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் அம்மா அக்காவின் கையைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்ததும் அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். தசைநார் வீங்கியிருக்கிறது, கடைவது, பிழிவது, முறுக்குவது எதுவும் கூடாது, கைக்கு ஓய்வு கொடுத்தால் தானாகவே சரியாகிவிடும், கொடுக்காவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும், அப்போதும் கை பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார்.

"இப்ப ஹேண்ட் பிளெண்டர்னு வந்திருக்கு சார். கரண்டுல ஓடுற மத்துன்னு வச்சுக்கிடுங்க. சட்டிக்குள்ளயே முக்கிக் கடைஞ்சிரலாம். நல்லதா ஒண்ணு வாங்கிக் கொடுத்திருங்க."

"நல்ல யோசனைம்மா," என்றார் அத்தான். "விசாரிப்போம்."

எனக்கு ஃபிரிட்ஜ் வந்த கதை ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாளே வண்ணார்ப்பேட்டையில் பாபநாசம் அண்ணாச்சியின் எலக்ட்ரிகல் கடைக்குப் போனோம். பாபநாசம் நல்ல மனுஷன். பெட்டியைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் மிஷினை முக்கி ஓட்டிக் காட்டினார். அத்தான் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"மோட்டார் சூடாகுமா அண்ணாச்சி?"

"ரொம்ப நேரம் ஓட்டினா எந்த மோட்டாரும் சூடாகும் சார். கீரைக்கு ஒரு நிமிசம் போதும்லா."

"ஒரு நிமிசத்துல கடைஞ்சிருமா? அப்ப ரொம்ப வேகம்லா இருக்கு."

"பைய ஓடுததுக்கும் ஒரு சுவிச்சு இருக்கு, பாருங்க."

"ரெண்டு சுவிச்சா? அப்ப ரிப்பேர் ஆகுததுக்கு ரெண்டு இடம் இருக்கு." அத்தான் மிஷினைத் திருப்பிப் பார்த்தார். "இந்த பிளேடு ஒரு பத்து வருசம் கழிச்சுக் கிடைக்குமா?"

பாபநாசம் மிஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே, "பத்து வருசம் கழிச்சு நான் இங்கன கிடைப்பனான்னே தெரியல சார்," என்றார்.

அத்தான் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்காரருக்கே நம்பிக்கை இல்லாத சாமான் என்று வீட்டுக்கு வந்து தீர்ப்பு சொன்னார். அன்றைக்கு முருங்கைக்கீரை வைத்தால் கடைய வேண்டாமே என்று நான் சொன்னேன். ஆனால் அக்கா ஏற்கனவே சிறுகீரை ஆய்ந்து வைத்திருந்தாள். ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கடைந்தாள்.

அதற்குப் பிறகு அத்தான் போன ஊரெல்லாம் விசாரணை நடந்தது. வள்ளியூரில் ஒரு சங்கச் செயலாளர் வீட்டில் மிஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தணிக்கையை முடித்துவிட்டு அவர் வீட்டு அடுக்களை வரைக்கும் போய்ப் பார்த்தார். நன்றாக ஓடுகிறது என்று அந்த வீட்டு அம்மா சொன்னாளாம். வாங்கி ஆறு மாசம்தானே ஆகிறது, அதற்குள் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது என்றார். அது பழைய மாடல், இப்போது வருகிறது அப்படி இருக்காது என்று அதையும் தள்ளிவிட்டார். திருச்செந்தூரில் தரிசன வரிசையில் முன்னால் நின்றவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கோயம்புத்தூர்க்காரர் என்று தெரிந்ததும், செம்புக் கம்பியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே சந்நிதி வரைக்கும் போய்விட்டார். அக்கா முருகனிடம் கை சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். தீபாராதனையைக் கவனிக்கவே இல்லையாம்.

விசாரணை முடிகிற வரைக்கும் கீரையை நிறுத்தி வைத்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். தட்டில் முதல் வாய் எடுத்து வைத்ததும், "இன்னைக்கு நார் லேசா தட்டுப்படுது, ஞானம்," என்பார். அதட்டலே இருக்காது. ரொம்பப் பொறுமையாகச் சொல்வார். சாப்பிட்டு முடித்ததும் தைலத்தை எடுத்து அக்காவின் மணிக்கட்டில் அவரே தேய்த்துவிடுவார். கீரை கடைந்த கைக்கு, கீரையைச் சாப்பிட்டவர் தைலம் தேய்ப்பார். தெருவில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டு, ஞானம்பாள் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவர் கெட்டவராக இருந்தால் எனக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ ஏன் கடையுத? முடியாதுன்னு சொல்லிரேன்," என்று அக்காவிடம் கேட்டேன்.

"அவுகதான் பாத்துக்கிட்டு இருக்காகல்லா. இன்னைக்கோ நாளைக்கோ வாங்கிருவாக," என்றாள். அவள் நிஜமாகவே நம்பினாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒருநாள் நானே பாபநாசம் அண்ணாச்சி கடைக்குப் போய், அவர் ஓட்டிக் காட்டிய அதே மிஷினை வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் பெட்டி கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. பிளக்கின் பின் கொஞ்சம் ஆடுகிறதாம். பெட்டியைக் கொடுத்துவிட்டு எனக்கும் புத்தி சொல்ல டவுனுக்கே வந்தார் அத்தான். "பிருந்தா, நீ ஆசையாத்தான் வாங்கியிருக்க. ஆனா கரண்டு சாமான். உங்க அக்கா கையில ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்லுதது?" அக்காவின் கையைப் பற்றி அவருக்கு இருந்த அக்கறையைக் கேட்டு நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் மரியாதை கெட்டிருக்கும்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தானின் ஆபீசில் வேலை பார்த்த மேலப்பாளையத்து சித்தி ஜனாபா என்ற பெண் அக்கா வீட்டுக்கு வந்தாள்; சித்தி உறவுமுறை இல்லை, பெயரே அதுதான். துபாயிலிருந்து அவளுடைய அண்ணன் கொண்டுவந்த கரண்ட் மத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். அக்காவின் கையைப் பற்றிக் கேள்விப்பட்டு அவளாகவே கொண்டுவந்தாள். நல்ல பெண். ஆனால் அத்தானுக்கு அது உதவியாகத் தெரியவில்லை, சோதனையாகத் தெரிந்தது.

"ஒப்பிட்டுப் பாக்கணும்லா," என்றார். "ஞானம், ரெண்டு சட்டியில கீரை வை. ஒண்ண மத்துல கடை. இன்னொண்ண மிஷின்ல போடுவோம்."

ஆக, அக்காவின் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய மிஷினைச் சோதிப்பதற்காக அக்கா இரண்டு சட்டிக் கீரை ஆய்ந்து, வேகவைத்து, ஒன்றைக் கடைந்தும் முடித்தாள். இரண்டாவது சட்டிக்கு முன்னால் அத்தான் மிஷினோடு உட்கார்ந்தார். முதலில் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று சுவிட்சை அமுக்கி ஓடவிட்டார். ஓடுகிற மிஷினை அப்படியே கீரைக்குள் இறக்கினார். அவர் பனியன், சுவரில் இருந்த பிள்ளையார் காலண்டர், சித்தி ஜனாபாவின் புதுச்சேலை எல்லாம் பச்சையாகிவிட்டது. நல்லவேளை, கீரை ஆறியிருந்தது.

"முக்கிட்டுல்லா சார் சுவிச்ச அமுக்கணும்," என்றாள் சித்தி ஜனாபா, முந்தானையைத் துடைத்துக்கொண்டே.

"முக்கிட்டு அமுக்கினா எல்லா மிஷினும்தான் ஒழுங்கா ஓடும். தப்பா அமுக்கினாலும் தாங்குதான்னு பாக்கணும். அதுக்குப் பேருதான் நம்பகம்."

மிஷினை அவளே கையில் வாங்கி, சட்டியில் மிச்சம் இருந்ததைக் கடைந்தாள். நான் துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இரண்டு கிண்ணங்களில் எடுத்து வைத்தோம். எது எதில் கடைந்தது என்று சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். முதல் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"இதுல இரும்பு வாடை அடிக்குது. நாரும் தட்டுது. இதுதான் மிஷின்." இரண்டாவதை ரசித்து விழுங்கினார். "இதான் நம்ம மத்து. இத அடிச்சுக்கிட முடியாது."

சித்தி ஜனாபா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"நீங்க இரும்பு வாடைன்னு சொன்னது நான் கடைஞ்சதுங்க," என்றாள் அக்கா.

அத்தான் கண்ணைத் திறந்து இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அன்று சாயங்காலமே கடைக்குப் போயிருப்பார்கள். அவர் கிண்ணங்களைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப நாக்க நம்ப முடியாதுன்னு தெரியுது. வேற மாதிரிதான் சோதிக்கணும்," என்றார். சித்தி ஜனாபா மிஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டு விடைபெற்றாள். அவளுக்கும் வீட்டில் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு சோதனைகள் பெருகின. யார் வீட்டிலிருந்து மிஷின் வந்தாலும் அக்கா இரண்டு சட்டி வைக்க வேண்டும், ஒன்றைக் கடைந்தாக வேண்டும். முதலில் பெருமாள்புரத்தில் வோல்டேஜ் விழுகிறது என்றார். சாயங்காலம்தானே விழுகிறது, நாம் காலையில்தானே கடைகிறோம் என்றதற்கு, கரண்டை நம்பக்கூடாது என்றார். மார்கழியில் புதுச்சாமான் வாங்கக்கூடாது. தையில் புது மாடல் வரும். சித்திரையில் கடைக்காரர்கள் பழைய சரக்கைத் தள்ளிவிடுவார்கள். ஆடி பிறந்துவிட்டால் பேச்சே கிடையாது. இவ்வளவையும் அக்காவின் கை வீங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆடி மாசம் ஒரு காலையில் அக்காவால் தலைமுடியைக் கோதி முடிச்சுப் போட முடியவில்லை. பெருவிரல் மடங்கவே மறுத்தது. பழைய டாக்டர் அம்மாவிடமே போனோம். கையைப் பார்த்துவிட்டு அவர் அத்தானிடம், "அந்த மிஷின் வாங்கலையா சார்?" என்று கேட்டார்.

"பாத்துக்கிட்டு இருக்கோம்மா," என்றார் அத்தான்.

டாக்டர் அம்மா என் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். பாவம் என்று அழவில்லை. ஆத்திரம். ஒரு கீரைச்சட்டிக்கும் ஒரு மனுஷன் நாக்குக்கும் நடுவில் என் அக்காவின் கை போய்விட்டதே என்ற ஆத்திரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான், "பயப்படாத, நல்ல டாக்டர்னு நாலு இடத்துல விசாரிச்சுட்டேன்," என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து அக்கா கையில் தொட்டில்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். நான் ஒத்தாசைக்கு வந்து தங்கினேன். அத்தானும் லீவு போட்டிருந்தார். முதல் நாள் மத்தியானம் சோறு, ரசம், அப்பளம் எல்லாம் ஆனதும், அரைக்கீரையை வேகவைத்து, சட்டியையும் மத்தையும் கொண்டுபோய்ச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த அத்தான் முன்னால் வைத்தேன்.

"வேக வைக்கது நான். கடையுதது நீங்க," என்றேன்.

"நானா?"

"எனக்குக் கடையத் தெரியாது அத்தான். எங்க வீட்டுல மிக்ஸிதான். பச்சைப் பெயிண்டு உங்களுக்கு ஆகாதுல்லா."

அவருக்குக் கோபம் வரவில்லை. தன்னால் முடியாத காரியம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி வேட்டியை மடித்துக்கொண்டு சட்டியை அணைத்து உட்கார்ந்தார். மத்தை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சுழற்ற வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் பாடமும் எடுத்தார். பிறகு பாடம் நின்றது. நெற்றி வேர்த்தது. வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். இடது கை ஒத்துவராமல் மறுபடி வலது கைக்கு மாற்றினார். நடுவில் மத்தை விட்டுவிட்டு மணிக்கட்டை உதறிக்கொண்டார்.

"போதும்லா?" என்று சட்டியை நீட்டினார்.

அக்கா நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள். "இன்னும் நார் தட்டும்ங்க," என்றாள். அதட்டலே இல்லை. ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னாள்.

இன்னும் கொஞ்சம் கடைந்தார். அப்புறம் நிறுத்திவிட்டுத் தன் பெருவிரலுக்குக் கீழே அமுக்கி அமுக்கிப் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டினார். பாதிக் கீரை சட்டியில் அப்படியே கிடந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. "எங்க போறீக?" என்று கேட்டேன். கொளுத்துகிற வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை. நாள் நல்லதா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. ரசம் ஆறுவதற்குள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். நான் முன்னே வாங்கிக் கொடுத்த அதே மிஷின். சோதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது வேண்டாம், காகிதத்தில் சுற்றிக்கூடத் தர வேண்டாம் என்று கையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பாபநாசம் அண்ணாச்சி பிற்பாடு என்னிடம் சொன்னார். அவருக்கு அந்த அதிசயம் ரொம்ப நாள் அடங்கவில்லை.

மிஷின் நன்றாகத்தான் ஓடியது. பிளக்கின் பின் ஆடவில்லை, ஷாக் அடிக்கவில்லை, இரண்டு சுவிட்சும் வேலை செய்தன. அக்காவின் கைதான் பழையபடி வரவில்லை. வீக்கம் வற்றியது, வலி குறைந்தது, ஆனால் பெருவிரல் முக்கால்வாசி மடங்கும், அதோடு நின்றுகொள்ளும். துணி பிழிய முடியாது. பூக்கட்ட முடியாது. நான் போகிற அன்றைக்குத் தலையைப் பின்னிவிடுவேன், மற்ற நாளில் அவளே இடது கையால் ஏதோ அள்ளி முடிவாள். கரண்ட் மத்தை அவள் ஒருநாளும் தொடவில்லை. யாரும் தொடச் சொல்லவும் இல்லை. தினமும் அத்தானே கீரையைக் கடைந்துகொண்டார்.

இதனால் தெருவில் அவருக்குப் பெயர் இன்னும் ஏறியது. பெண்டாட்டிக்காக இரண்டு வருஷம் தேடி மிஷின் வாங்கியவர், அதைத் தானே ஓட்டுகிறவர் என்று பேசிக்கொண்டார்கள். அத்தான் மறுக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் நான் போயிருந்தபோது எதிர்வீட்டுச் சங்கர் வந்தான். கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் வைத்திருந்தவன். அவனும் கரண்ட் மத்து வாங்க வேண்டுமாம். அத்தான் உற்சாகமாகிவிட்டார். காயில், பிளேடு, வோல்டேஜ் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதையும் விசாரிக்காம வாங்கக்கூடாதுப்பா," என்று முடித்தார் அத்தான்.

"நீங்க எது வரைக்கும் விசாரிச்சீக சார்?" என்று கேட்டான் சங்கர்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அவுக கை வலிக்கிற வரைக்கும்," என்றாள்.

சங்கர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான். அத்தான் சிரிக்கவில்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.